சிவப்பு ஓரம் போட்ட ஒன்பது பிடிதுணிகள்

நூல் நுனியை லைட்டர் தீயில் காட்டுகிறார். ஒரு நகத்தின் நீளம்தான், அதற்கு மேல் வீணாக்க மாட்டார். எரிந்து அணைந்ததும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துத் தேய்க்கிறார். பொடியாக உதிர்ந்தால் அந்த நூலுருண்டை அவருடைய துணிப்பைக்குள் போகிறது. உதிராமல் கறுத்த மணியாக இறுகிவிட்டால் ஜன்னல் வழியே பறந்து, பக்கத்து பஸ்ஸில் படுத்திருக்கும் டிரைவர்மேல் விழுகிறது. அவர் தூக்கம் கலைந்து திட்டுவார். இவர் காதில் வாங்கமாட்டார்.

"சாம்பல் ஆனா நம்ம ஆளு. உருண்டை ஆனா வெளி ஆளு," என்று அடுத்த நுனியை எடுக்கிறார்.

வயது ஐம்பத்து மூன்று. பம்பு செய்யும் தொழிற்சாலை ஒன்றின் ஊழியர் பஸ்ஸை ஓட்டுகிறார். காலை ஏழு நாற்பதுக்கு நாற்பத்திரண்டு பேரை வாசலில் இறக்கிவிட்டால் மாலை ஐந்தேகால் வரை வேலை இல்லை. தகரக் கூரை போட்ட வண்டிக் கொட்டகையில் மூன்று பஸ்கள் நிற்கும். மற்ற இரண்டு டிரைவர்களும் பின் சீட்டில் நீட்டிப் படுத்துவிடுவார்கள். இவர் ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவே கிடைக்கும் சாண் இடத்தில் குரோஷா ஊசியால் பிடிதுணி பின்னிக்கொண்டிருப்பார்.

பிடிதுணி என்றால் அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை இறக்கப் பிடித்துக்கொள்வது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, சதுரமாகவோ வட்டமாகவோ இருக்கும், ஒரு மூலையில் மாட்டுவதற்கு வளையம். யாராவது அதைக் கரித்துணி என்று சொல்லிவிட்டால் முகம் மாறிவிடும். "கரித்துணி கிழிச்சு எடுக்கறது. இது கட்டி எழுப்புறது," என்பார். எல்லாருக்கும் இவர் பஞ்சு அண்ணன். நூல் கொண்டுவருகிற ஒவ்வொருவரிடமும் "பஞ்சா? பஞ்சு மட்டும்தான் வேணும்" என்று கேட்டுக் கேட்டு வந்த பெயர். சம்பளச் சீட்டில் இருக்கும் பெயரைச் சொல்லி விசாரித்தால், வாசல் காவலரே "அப்படி யாரும் இங்க இல்லையே" என்கிறார்.

ஊசி கைக்கு வந்தது ஒரு விபத்தில். எட்டு வருடத்துக்கு முன்பு டயர் மாற்றும்போது ஜாக்கி நழுவி வலது மணிக்கட்டு உடைந்தது. கட்டுப் பிரித்த பிறகு விரல்கள் மடங்கவில்லை. பயிற்சிக்கு ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். "ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து பந்தை அமுக்கிட்டு இருந்தா போறவன் வர்றவன் எல்லாம் பாவமா பார்க்குறான் சார்." மேஜையில் ஓய்வாக இருந்த நர்ஸ் ஒருவர் குரோஷா பின்னிக்கொண்டிருந்தார். விரல் எப்படி மடங்கி மடங்கி நிமிர்கிறது என்று இவர் பார்த்தார். பந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊசியைக் கேட்டார். முதலில் செய்தது எட்டடி நீளச் சங்கிலி. எதற்கும் உதவாது. அது இன்றைக்கும் பஸ்ஸின் தண்ணீர்க் கேனைக் கட்டி வைத்திருக்கிறது.

நூல் எதையும் கடையில் புதிதாக வாங்குவதில்லை. ஸ்வெட்டர் கடையில் கடைசியாக மிஞ்சும் உருண்டைகள், தையல்காரர்களின் பாபின் அடியில் தங்கிவிடும் சுற்றுகள், பஸ்ஸில் வருகிறவர்களின் தையல் பெட்டியில் சிக்குப் பிடித்துக் கிடந்த பூவேலை நூல், எல்லாம் இவரிடம் வந்து சேரும். பேக்கிங் பிரிவில் சாக்கு பிரிக்கும்போது சரியான முனையைப் பிடித்து இழுத்தால் தையல் நூல் முழுதாக ஒரே இழுப்பில் வரும். அதற்காகவே மதிய இடைவேளையில் ஒரு நடை போய்வருவார். இரண்டு மூன்று இழைகளைச் சேர்த்துத் தடிமனாக்கிக்கொண்டு பின்னுவார். சாக்கு நூலின் பழுப்போடு மயில் நீலம், கத்தரிப்பூ நிறத்தோடு எலுமிச்சை மஞ்சள். நிறம் பொருந்துமா என்றெல்லாம் யோசிப்பதில்லை. "ரோட்டுல வர்ற வண்டியெல்லாம் ஒரே கலரா இருக்கா? ஒண்ணுக்கொண்ணு இடிக்காம போனா சரி."

பின்னலில் மேடு பள்ளம் வைப்பதுதான் இவருடைய கைத்திறன். ஒரே கண்ணியில் ஐந்து தரம் ஊசியை விட்டு இழுத்தால் பட்டாணி மாதிரி ஒரு குமிழ் எழும். வரிசையாகக் குமிழ் வந்தால் அதற்குப் பெயர் ஜல்லி ரோடு. பட்டையாக மேடு வந்தால் வேகத்தடை. நடுவிலிருந்து சுற்றிச் சுற்றி விரிந்தால் ரவுண்டானா. அழகுக்காகவா என்றால் தலையை ஆட்டுகிறார். "மேடு இருக்கற இடத்துல காத்து நிக்கும். காத்து நின்னா சூடு கைக்கு ஏறாது. வழவழன்னு பின்னினா ஃபோட்டோவுக்குத்தான் ஆகும்."

இந்தப் பிடிதுணிகளை விற்பதில்லை. கேட்டாலும் கொடுப்பதில்லை. வருடத்துக்கு ஒருநாள், வண்டி தகுதிச் சோதனையில் தேறிச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு கொட்டகைக்குத் திரும்புகிற அன்று, பஸ்ஸுக்குள்ளேயே ஒரு விழா நடக்கும். அந்த ஒரு வருடத்தில் பஸ்ஸை ஒரு நிமிடம்கூட நிற்கவைக்காமல் நிறுத்தத்துக்கு வந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு பிடிதுணி. காய்ச்சலும் பிரசவமும் கணக்கில் சேராது. மழையும் அலாரம் அடிக்காததும் சேரும். யார் எத்தனை தரம் தாமதம் என்று எங்கும் எழுதி வைப்பதில்லை. ஓட்டுகிறவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருக்கிறார், மனதில் ஏறிவிடுகிறது. ஒவ்வொரு வருடமும் ஓரத்துக்கு ஒரு நிறம். போன வருடம் பச்சை, அதற்கு முந்தைய வருடம் நீலம். "எங்கிட்ட மூணு கலர் இருக்கு" என்று சாப்பாட்டு மேஜையில் பெருமை பேசுகிற அளவுக்கு அது வளர்ந்திருக்கிறது. தயாரிப்புப் பிரிவு மேலாளர் ஒருவர் தன் காரை வீட்டில் விட்டுவிட்டு ஒரு வருடம் முழுக்க இந்த பஸ்ஸில் வந்தார். பதினோராவது மாதம் தலைவாரிக்கொண்டு நின்றதில் போய்விட்டது. மறுநாளிலிருந்து மறுபடியும் கார்.

இந்த வருடம் சிவப்பு. தேறியவர்கள் எட்டுப் பேர். மொத்தம் ஒன்பது பின்னினார். ஒன்பதாவது மனைவிக்கு. அவர் பஸ்ஸில் வருகிறவரே இல்லை. "இருபத்தாறு வருஷமா காலைல நாலரைக்கு எழுந்து உங்களுக்கு டிபன் பாக்ஸ் கட்டறேன். ஒருநாள் லேட்டா?" என்று கேட்டாராம். நியாயமான கேள்விதான்.

பிரச்சினை அந்த ஒன்பதாவதிலிருந்துதான் தொடங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி இரும்பு வாணலியை இறக்கியபோது பிடிதுணியின் ஓரம் வாணலியோடு ஒட்டிக்கொண்டது. இழுத்தால் பாகு மாதிரி நீண்டது. அதில் ஒரு துளி விரலில் பட்டு, மொச்சைக்கொட்டை அளவுக்குக் கொப்புளம். "ஏங்க, உங்க சிவப்பு உருகி ஓடுது பாருங்க. பஞ்சுன்னு சொன்னீங்க?" அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னாராம். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. விரலுக்குத் தண்ணீர் ஊற்றி மருந்து போட்டுவிட்டு, மிச்சமிருந்த சிவப்பு உருண்டையைக் கொண்டுவந்து கடைசிவரை பிரித்தார். வெளியே பஞ்சு. உள்ளே ஒரு முடிச்சு. அதற்குப் பிறகு செயற்கை நூல். இன்னொரு முடிச்சு, மறுபடி பஞ்சு. நிறம் மட்டும் ஒரே சிவப்பு. நுனியை எரித்துப் பார்த்தவர் நடுவை எரித்துப் பார்க்கவில்லை.

உருண்டையைச் சுற்றிக் கொடுத்தது ஸ்வெட்டர் கடைக்கார அம்மா. துண்டு துண்டாகக் கொடுத்தால் அசிங்கமாக இருக்குமே என்று ஒரே சிவப்பாகத் தேடிப் பொறுக்கி, முடிச்சுப் போட்டு, பந்து மாதிரி சுற்றிவைத்திருந்தார். விஷயம் கேள்விப்பட்டு அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணே, அழகா இருக்கட்டும்னுதான் சுத்தினேன்."

"உங்க மேல என்ன தப்பு? முடிச்சு எங்கையிலதான் பட்டுச்சு. நாலாவது பின்னும்போது விரலுக்கடியில நல்லா நெருடுச்சு. நின்னு பார்த்திருக்கணும். சங்கு ஊதிட்டான், அப்படியே விட்டுட்டு வண்டியை எடுத்துட்டேன்," என்றார். அதற்கு மேல் அந்த உருண்டையைப் பற்றி யாரிடமும் குறை சொல்லவில்லை. சங்கைத்தான் இரண்டு தரம் திட்டினார்.

எந்தப் பிடிதுணியில் எந்த நூல் போயிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. எட்டு வீடுகள். எட்டு அடுப்புகள். எட்டும் திரும்பி வரவேண்டும்.

திங்கட்கிழமை காலை வாசலுக்குள் வண்டியை நிறுத்தினார். கதவைத் திறக்கவில்லை. எழுந்து இடைவழியில் நின்றார்.

"சிவப்பு ஓரம் வாங்கினவங்க கை தூக்குங்க."

"அண்ணே, கார்டு அடிக்கணும், கதவைத் திறங்க!"

"திறக்கறேன். முதல்ல கை."

ஏழு கைகள் எழுந்தன. நாளைக்குக் காலையில் அதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்றதும் பஸ்ஸே கொந்தளித்துவிட்டது.

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கறது என்னண்ணே பழக்கம்?"

"நான் ஒருநாள்கூட லேட் இல்லையே! யாரோ போட்டுக்குடுத்துட்டாங்க."

"எங்க வீட்டுக்காரர் அதை ஃபிரேம் போட்டு மாட்டிட்டாருண்ணே," என்றார் ஸ்டோர் பொறுப்பாளர் அம்மா.

கேன்டீன் மாஸ்டர் கடைசி வரிசையிலிருந்து எழுந்தார். "நாள் முழுக்க அடுப்புல நிக்கறவன் நான். எனக்கே ஒண்ணும் ஆகல. உங்களுக்கென்ன பதட்டம்?"

"ஆகறதுக்கு முன்னாடிதானே மாஸ்டர் கேக்கணும்? ஆனதுக்கப்புறம் கேட்டா என்னை அடிப்பீங்க."

பையிலிருந்து மனைவியின் பிடிதுணியை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார். ஒரு மூலை முழுவதும் உருகிக் கறுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. முன் வரிசை எம்பிப் பார்த்தது. பிறகு பின் வரிசையும். கதவைத் திறந்தார்.

செவ்வாய்க்கிழமை ஏழும் வந்துவிட்டன. என்ஜின் மூடிமேல் வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றிலிருந்தும் சிவப்பைத் துளி வெட்டி எரித்தார். நான்கு உதிர்ந்தன, மூன்று உருண்டன. இந்தக் கணக்கு முடிந்த பிறகும் அவர் பார்வை அந்த ஏழின் மேலேயே இருந்தது. மாஸ்டருடையதில் கரி ஏறியிருந்தது. வாசல் காவலுக்கு நிற்கும் அம்மாவுடையதில் எண்ணெய்க் கறை. மற்ற ஐந்தும் கொடுத்த அன்று எப்படி இருந்தனவோ அப்படியே இருந்தன. ஒன்றில் பூச்சி உருண்டை வாசனை. ஒன்று இன்னும் பரிசுத்தாளுக்குள்.

"அஞ்சு பேரு அடுப்புகிட்டயே கொண்டுபோகலையா?"

செக்கிங் பிரிவு அக்காதான் பதில் சொன்னார். இந்த பஸ்ஸில் மூன்று நிறமும் வைத்திருக்கிறவர், முதல் சீட்டு ஜன்னலோரம். "அவ்வளவு அழகா இருக்கறதை எப்படிண்ணே கரியாக்குறது?"

"கரியாக்கத்தானேம்மா குடுத்தேன்."

"ஆக்காததாலதானே இன்னிக்கு யார் கையும் வேகல? சந்தோஷப்படுங்க."

"சந்தோஷம்தான்," என்றார், பிள்ளை தேறிவிட்டான் ஆனால் கடைசி மார்க் என்று கேட்ட தகப்பன் குரலில்.

எட்டாவது வரவில்லை. அது ஓட்டக்காரியிடம் இருந்தது.

பேக்கிங் பிரிவில் வேலை செய்கிறவர் அவர், முப்பது வயதிருக்கும். தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில் இரண்டாவது மாடியில் வீடு. மூன்று வருடமாக அந்த நிறுத்தத்தில் பஸ் நிற்பதும், எதிர்ப் படிக்கட்டில் ஒரு கையில் டிபன் பாக்ஸும் இன்னொரு கையில் செருப்புமாக அவர் தடதடவென்று இறங்கி ஓடிவருவதும் எல்லாருக்கும் பழகிப்போன காட்சி. பெயர் வைக்க யாரும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டில் அப்பாவும் அவரும் மட்டும்தான். சமைத்து, அப்பாவுக்கு எடுத்து வைத்து, துணி துவைத்துப் போட்டுவிட்டு வரவேண்டும். மூன்றாவது வருடம் எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு ஒருநாளும் தவறாமல் வந்து சேர்ந்தார். சிவப்பு ஓரத்தை வாங்கிய அன்று பஸ் முழுக்கக் கைதட்டியது. போன வாரம் மறுபடி ஒன்றரை நிமிடம் தாமதம். ஆனால் அது அடுத்த வருடக் கணக்கு.

இப்போது நான்கு நாளாக விடுப்பில் இருந்தார். அப்பாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை. பஞ்சு அண்ணன் ஞாயிறு மாலையிலிருந்து போன் செய்துகொண்டிருக்கிறார். மணி அடித்து அடித்து நிற்கிறது, எடுப்பார் இல்லை. செக்கிங் அக்கா கூப்பிட்டாலும் அதேதான்.

செவ்வாய் மாலை வீடு திரும்பும் நடை. இவருடைய கதையைக் கேட்க வந்த நானும் அன்று பஸ்ஸில் இருந்தேன். தண்ணீர்த் தொட்டிக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் செக்கிங் அக்கா வாயை விட்டார். "இன்னிக்கு அவ வீட்டுக்கு சொந்தக்காரங்க வர்றாங்கண்ணே, அப்பாவைப் பார்க்க. பத்துப் பேருக்கு சமைக்கணும்னு போன வாரமே புலம்பிட்டு இருந்தா."

பஞ்சு அண்ணன் கியரை மாற்றி வேகம் கூட்டினார். தண்ணீர்த் தொட்டியில் வண்டியை ஓரம்கட்டினார். அங்கே இறங்க வேண்டியவர் ஒருவர் இறங்கினார். பிறகு என்ஜினை அணைத்தார்.

வழியில் என்ஜின் அணைந்து அந்த பஸ்ஸில் யாரும் கண்டதில்லை. "என்னண்ணே, பஞ்சரா?" என்று ஒரு குரல். "வீட்டுல குழந்தை தனியா இருக்கு" என்று இன்னொன்று. எல்லாரையும் இறக்கிவிட்டு அவர் மட்டும் திரும்பி வந்திருக்கலாம். முப்பது நிமிடம்தான் ஆகும். அதைப் பிறகு அவரிடமே கேட்டேன். "அடுப்பு பத்தவைக்கிற நேரம் சார் அது," என்றார்.

சாவியைக்கூட எடுக்காமல் இறங்கிப் படியேறினார். நானும் செக்கிங் அக்காவும் பின்னால் போனோம். இரண்டாவது மாடியில் கதவு திறந்தே இருந்தது. கூடத்து நாற்காலியில் ஒரு கண்ணில் கட்டோடு பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"யாருப்பா?"

"பஸ் டிரைவருங்க."

"இவ கீழ இறங்கி வர லேட்டாகுதுன்னு பஸ்ஸே மாடிக்கு வந்துடுச்சா?" என்றார் பெரியவர்.

சமையலறையிலிருந்து தாளிக்கும் ஓசை. பஞ்சு அண்ணன் உள்ளே விரைந்தார். ஓட்டக்காரி அடுப்பில் இருந்த பெரிய பாத்திரத்தை இறக்கிக்கொண்டிருந்தார், நைந்துபோன பழைய துண்டு ஒன்றை நாலாக மடித்து வைத்துக்கொண்டு. துண்டில் ஒரு பக்கம் ஓட்டை. இறக்கி வைத்ததும் விரல்களை உதறி ஊதினார். இரண்டு விரல் நுனிகள் சிவந்திருந்தன. பஞ்சு அண்ணனைப் பார்த்ததும் திகைத்துப்போனார்.

"என்னண்ணே, நான் லீவு சொல்லியிருக்கேனே!"

"பிடிதுணி எங்கம்மா?"

அவர் கை தானாகக் கூடத்துப் பக்கம் நீண்டது. டிவிக்கு மேலே, சுவரின் நட்டநடுவில், ஓர் ஆணியில் தொங்கியது அது. கண்ணாடித்தாள் உறையோடு. ரவுண்டானா பின்னல், நடுவில் மஞ்சளும் நீலமும் சாக்கு நூலும், சுற்றிவர மூன்று வரிசை சிவப்பு.

பஞ்சு அண்ணன் சுவரோடு சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு ஏன் வந்தார் என்று சொன்னார். முடிச்சு, உருண்டை, வாணலி, கொப்புளம் எல்லாவற்றையும். ஓட்டக்காரியின் காதில் ஒரு வரிகூட ஏறவில்லை.

"போன வாரம் ஒன்றரை நிமிஷம் லேட்டா வந்தேன். அதுக்குத்தானே புடுங்கிட்டுப் போக வந்திருக்கீங்க?"

"ஐயோ, அதுக்கில்லம்மா."

"போன் மேல போன் பண்ணியிருப்பீங்களே?"

"பதினோரு தடவை பண்ணேன். எங்க எடுத்தீங்க?"

"அப்பா போன் பார்க்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வெளிய வெச்சா எடுத்துடுவாரு. மாவு டப்பாவுக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கேன்."

"மாவு டப்பாவுலயா?" என்று கூடத்திலிருந்து ஒரு குரல் ஆவலோடு கேட்டது.

ஓட்டக்காரி துண்டோடு கூடத்துக்கு முந்திக்கொண்டு வந்து, சுவருக்கும் இவருக்கும் குறுக்கே நின்றுகொண்டார். "குடுக்க மாட்டேண்ணே. மூணு வருஷம் ஓடியிருக்கேன் இதுக்கு. சரி, நூல் கெட்டதாவே இருக்கட்டும். நான்தான் அடுப்புகிட்டயே கொண்டுபோறதில்லையே. சுவத்துல தொங்குறது யாரைச் சுடப்போகுது?"

கேட்கிறவர்களுக்கு அது சரியான வாதமாகத்தான் பட்டது. செக்கிங் அக்காகூட "அவ சொல்றதும் சரிதானேண்ணே" என்றார்.

பஞ்சு அண்ணன் ஓட்டைத் துண்டைப் பார்த்தார். ஓட்டக்காரியின் விரல் நுனிகளைப் பார்த்தார். "என்னைக்காவது ஒருநாள் அந்தத் துண்டு கைக்கு எட்டாதும்மா. பால் பொங்கும், பஸ்ஸுக்கு நேரமாயிருக்கும். அன்னைக்கு உன் கை ஓடிவந்து இதைத்தான் எடுக்கும். பிடிதுணின்னு நம்பித்தானே எடுக்கும்?" இதுவரை 'நீங்க' என்று பேசிக்கொண்டிருந்தவர் முதல்முறையாக 'உன்' என்று சொன்னதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஓட்டக்காரி கவனித்தார். விலகி நின்றார்.

உறையைப் பிரித்து, சிவப்பில் துளி வெட்டி, அவர் கண்ணெதிரே எரித்துக் காட்டினார். சுருண்டது, சொட்டியது, கறுத்த மணியாகி நின்றது. ஓட்டக்காரி அதை நகத்தால் தட்டிப் பார்த்தார்.

"சிவப்பை மட்டும் எடுத்துக்குங்க," என்றார். "நடுவுல இருக்கறது என்னோடது."

"அதுல என்ன தகராறு? எழுதியே தரேன்."

கூடத்தில் தரையில் உட்கார்ந்து பிரித்தார். குரோஷாவில் கடைசியாகப் போட்டது முதலில் வரும். நுனியைக் கண்டுபிடித்து இழுத்தால் ஒவ்வொரு கண்ணியாக விட்டுக்கொடுத்துக்கொண்டே போகும். மூன்று வருட ஓட்டத்தின் சிவப்பு மூன்று வரிசையும் சுருள் சுருளாக அவர் மடியில் விழுந்தது. பெரியவர் ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா உரிக்கிறீங்க," என்றார். சிவப்பு முடிந்து நீலம் தொடங்கும் இடத்தில் அண்ணன் நிறுத்தினார். நீலத்தையும் ஒரு துளி எரித்து, விரலால் தேய்த்து, உதிர்ந்த சாம்பலை ஊதிவிட்டார். இப்போது பிடிதுணி ஒரு விரல் அகலம் குறைந்திருந்தது. ஓரத்தில் ஒரு கண்ணி வாயைத் திறந்துகொண்டு நின்றது. இழுத்தால் மொத்தமும் போய்விடும்.

"இதைப் பிடிச்சு வைக்க ஏதாவது குடும்மா."

ஓட்டக்காரி கொண்டையிலிருந்து ஊசி ஒன்றை உருவிக் கொடுத்தார். கூந்தல் அவிழ்ந்து தோளில் விழுந்தது. கண்ணிக்குள் கொண்டை ஊசியைக் கோர்த்து மடக்கிவிட்டார் பஞ்சு அண்ணன்.

"இன்னிக்கு இதுபோதும். வேலைக்கு வர்ற அன்னைக்கு எடுத்துட்டு வா, ஓரம் கட்டித் தரேன். என்ன கலர் வேணும்?"

"சிவப்பு."

"சிவப்பேதானா?"

"எல்லாருக்கும் சிவப்பு, எனக்கு மட்டும் வேறயா?"

அவர் சிரித்துவிட்டார். செக்கிங் அக்கா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "அண்ணே, கீழ எல்லாரும் இறங்கி ரோட்டுல நிக்கறாங்க. பன்னிரண்டு நிமிஷம் ஆச்சு. அடுத்த வருஷம் உங்களுக்கு ஒண்ணும் கிடையாது," என்றார்.

ஓட்டக்காரி பிடிதுணியை வாங்கிக்கொண்டு டிவி பக்கம் போனார். கைக்கு எட்டும் உயரம் இல்லை, நுனிக்காலில் எம்பினார். மாட்டப் போனபோது ஆணியைக் காணவில்லை.

அது பஞ்சு அண்ணனின் விரல்களுக்கு நடுவே இருந்தது. எப்போது பிடுங்கினார் என்று யாரும் பார்க்கவில்லை. சமையலறைக்குள் போனார். அடுப்புக்கு வலப்பக்கம், நின்ற இடத்திலிருந்து கையை நீட்டினால் எட்டும் உயரத்தைத் தன் கையாலேயே அளந்து பார்த்தார். காற்சட்டைப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். கீழே தெருவில் யாரோ பஸ்ஸின் ஹாரனை அழுத்தினார்கள், விடாமல் நீளமாக. அவர் ஆணியைச் சுவரில் நேராக நிறுத்தி, முதல் அடி வைத்தார்.